எந்தப் பகுதிக்கு என்ன தண்ணி வருதுன்னு எங்களுக்கும் சொல்லுங்க

பெறுநர்: குடிநீர் வழங்கல் துறை உயர் அதிகாரி அவர்கள்
அனுப்புநர்: குழாய்த் தண்ணிய நம்பி இருக்கிற பொதுமக்கள்
பொருள்: குழாய்த் தண்ணி டெஸ்ட் ரிசல்ட்ட பகுதிவாரியா வெளியிடக் கோரி

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

ஒரே துறை குடுக்கிற தண்ணிதான், ஆனா ஒரு பகுதில குடிச்சா நல்லா இனிப்பா இருக்கு, நாலு தெரு தள்ளிப் போனா உப்புக் கரிக்குது, இன்னொரு பக்கம் குளோரின் வாடை மூக்குல ஏறுது, வேறொரு இடத்துல காலைல முதல்ல பிடிக்கிற தண்ணில துரு வாடை அடிக்குது. ஏன்னு கேட்டா நல்ல தண்ணிதான் பயப்படாதீங்கன்னு ஒரே பதில்தான் வருது. நல்ல தண்ணியாவே இருக்கட்டும் ஐயா, இல்லன்னு நாங்க சண்டைக்கு வரல, ஆனா ஏன் மாறுது எப்ப மாறுதுன்னு எதுவும் சொல்லாம நம்புங்கன்னு மட்டும் சொன்னா நம்பிக்கை எங்கிருந்து வரும்?

தண்ணி இடத்துக்கு இடம் மாறுறது இயல்புதான்னு எங்களுக்கும் புரியுது. சுண்ணாம்புப் பாறை வழியா ஊறி வர்ற தண்ணில கால்சியம் ஏறி கடினத் தண்ணியா ஆயிடும், லண்டன்ல அப்படித்தான், கெட்டில்ல வெள்ளையா படிஞ்சிடும். அதே பிரிட்டன்ல கிளாஸ்கோ நகரத்துக்கு 1859-ல இருந்து கேட்ரின் ஏரித் தண்ணி வருது, அது ரொம்ப மென்மையான தண்ணி. ஆஸ்திரியா தலைநகர் வியன்னா 1873-ல இருந்து மலை ஊத்துத் தண்ணியவே குழாய்ல கொண்டு வருது. ஆத்துத் தண்ணிக்கும் போர் தண்ணிக்கும் வித்தியாசம் இருக்கு, கடலோரமா நிலத்தடித் தண்ணிய அளவுக்கு மீறி உறிஞ்சினா உப்பு உள்ள வந்திடும். வெயில் காலத்துல ஏரில பாசி பெருகினா ஜியோஸ்மின்னு ஒரு பொருள் வந்து மண்வாடை அடிக்கும், ஒரு கிராமை நூறு கோடி பங்கா பிரிச்சு அதுல பத்து பங்கு ஒரு லிட்டர்ல கலந்திருந்தாலே நிறைய பேரோட மூக்கு அதைக் கண்டுபிடிச்சிடும், ஆனா அந்த அளவுல உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. கிருமியக் கொல்லப் போடற குளோரினும் அப்படித்தான், சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு வாடை தூக்கலா இருக்கும், பைப்லைனோட கடைசில இருக்கிறவங்களுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அது கரைஞ்சு குறைஞ்சிடும். வாடை அடிக்குதுன்னு நிலையத்துக்குப் பக்கத்துல இருக்கிறவர் புகார் குடுக்கிறார், ஆனா உண்மையில கவலைப்பட வேண்டியது வாடையே இல்லாத அந்தக் கடைசித் தெருவப் பத்திதான். வீட்டுக்கு வந்து சேர்ற இடத்துல லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அந்தக் கடைசித் தெருவுல அது இருக்கா இல்லையான்னு அங்க குடியிருக்கிறவங்களுக்குத் தெரிய வழியே இல்ல. தண்ணி விட்டு விட்டு வர்ற பகுதின்னா இன்னும் மோசம், பைப்ல அழுத்தம் இல்லாத நேரத்துல விரிசல் வழியா சாக்கடை உள்ள இழுக்கும், அந்த நேரத்துல காப்பாத்த வேண்டியதே அந்தக் கொஞ்சம் குளோரின்தான்.

நாக்கை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாதுங்கறதுதான் எங்க பெரிய கவலை. ஆர்செனிக்ங்கிற விஷப்பொருளுக்கு ருசி கிடையாது. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமத் தாண்டினா பல்லையும், இன்னும் அதிகமா போனா எலும்பையும் பாதிக்கும், குடிக்கும்போது ஒண்ணும் தெரியாது. நைட்ரேட்டும் ஈயமும் அதே மாதிரிதான். ஆனா கடினத் தண்ணி வாயில ஒரு மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் கெடுதல் இல்ல. அப்போ இனிக்கிற தண்ணி ஆபத்தா இருக்கலாம், கரிக்கிற தண்ணி ஒண்ணும் பண்ணாம இருக்கலாம், இதுல எது எதுன்னு டெஸ்ட் ரிப்போர்ட் மட்டும்தான் சொல்லும், அந்த ரிப்போர்ட் உங்க ஆபீஸ் ஃபைலுக்குள்ள இருக்கு.

தெரியாததால ஜனங்க அவங்களா ஒரு வழி தேடிக்கிறாங்க. டிடிஎஸ் மீட்டர் வாங்கி முக்கிப் பாத்து நம்பர் கூட இருந்தா விஷம், குறைவா இருந்தா சுத்தம்னு முடிவு கட்டிடறாங்க. அந்த மீட்டர் கரைஞ்சிருக்கிற உப்போட மொத்த அளவைத்தான் சுமாரா காட்டும், கிருமியும் காட்டாது ஆர்செனிக்கும் காட்டாது. டிடிஎஸ் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள்ள இருந்தா பொதுவா ருசி நல்லா இருக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, ஆனா அந்தத் தண்ணிக்கும் ஆர்ஓ மெஷின் வாங்கி மாட்டி, வடிகட்டின தண்ணிய விட அதிகமா கழிவுத் தண்ணிய சாக்கடைல விடற வீடு எவ்வளவு இருக்கும்! வாங்க வசதி இல்லாதவங்க வர்றத அப்படியே குடிக்கிறாங்க, அவங்கள நினைச்சாதான் மனசு ஆறமாட்டேங்குது. மெஷின் தேவையில்லாத வீட்டுக்கு தேவையில்லன்னு சொல்ல வேண்டியதும், உண்மையிலயே தேவைப்படற பகுதிக்கு துறையே சுத்தம் பண்ணிக் குடுக்க வேண்டியதும் உங்க கடமைன்னு நாங்க நினைக்கிறோம்.

ருசி மாறிடுச்சுன்னு ஜனங்க சொல்றத ஒதுக்கினா என்ன ஆகும்னு ஃப்ளிண்ட்ல பாத்தாச்சு. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல இருக்கிற அந்த நகரத்துக்கு 2014 ஏப்ரல்ல தண்ணி எடுக்கிற இடத்த மாத்தினாங்க, ஏரித் தண்ணிய விட்டுட்டு ஆத்துத் தண்ணி, பைப் அரிக்காம இருக்க சேர்க்க வேண்டிய மருந்தையும் சேர்க்கல. நிறம் மாறுது வாடை அடிக்குதுன்னு ஜனங்க பாட்டிலோட கூட்டத்துக்கு வந்து காட்டினாங்க, தண்ணி பாதுகாப்பானதுதான்னு அதிகாரிங்க சொல்லிட்டே இருந்தாங்க, அதுக்குள்ள பழைய பைப்ல இருந்த ஈயம் கரைஞ்சு குழந்தைங்க ரத்தத்துல ஏறிடுச்சு. 2015 அக்டோபர்ல பழைய தண்ணிக்கே திரும்பினாங்க, ஆனா குடிச்ச தண்ணிய திருப்பி எடுக்க முடியுமா? வாடையும் ருசியும் ஈயத்தக் காட்டிக் குடுக்காது, ஆனா தண்ணில ஏதோ மாறியிருக்குன்னு முதல்ல சொன்னது அதுதான்.

அதனால நாங்க கேக்கிறது இதுதான் ஐயா. எந்தப் பகுதிக்கு எந்த ஏரி, எந்த ஆறு, எந்த போர்ல இருந்து தண்ணி வருதுன்னும், கடைசியா டெஸ்ட் பண்ணினதுல என்ன வந்துச்சுன்னும் தேதியோட வெளியிடுங்க. இது நடக்காத காரியம் இல்ல, அமெரிக்காவுல 1996-ல சட்டத்த திருத்தி குடிநீர் நிறுவனங்க வருஷா வருஷம் ரிப்போர்ட் குடுக்கணும்னு வச்சிருக்காங்க, இங்கிலாந்துல போஸ்ட்கோட் போட்டா அந்தப் பகுதித் தண்ணி விவரம் வருது. வெப்சைட்ல போட்டா மட்டும் போதாது, போன் இல்லாதவங்களும் படிக்கிற மாதிரி பகுதி அலுவலகத்துல ஒட்டணும். வெறும் நம்பரா இல்லாம, குடிக்கலாமா, கொதிக்க வைக்கணுமா, கைக்குழந்தைக்கு குடுக்கலாமான்னு சாதாரண பேச்சுத் தமிழ்ல எழுதணும். சாம்பிள சுத்திகரிப்பு நிலைய வாசல்ல மட்டும் எடுக்காம லைனோட கடைசி வீட்டுக் குழாய்லயும் எடுக்கணும், ஏன்னா நாங்க குடிக்கிறது அங்கதான். தண்ணி எடுக்கிற இடத்த மாத்தப் போறீங்கன்னா முன்கூட்டியே சொல்லுங்க, மாத்தினதுக்கு அப்புறம் கொஞ்ச நாளைக்கு அடிக்கடி டெஸ்ட் பண்ணுங்க. ருசி, வாடை, நிறம் பத்தி வர்ற புகார இடம், நேரத்தோட பதிஞ்சு வைங்க, ஒரே தெருல இருந்து நாலு பேர் சொன்னா ஆள் அனுப்பி சாம்பிள் எடுங்க, ரிசல்ட்ட அந்த நாலு பேருக்கும் சொல்லுங்க.

ரிசல்ட் மோசமா வந்தா ஜனங்க பீதியாயிடுவாங்கன்னு மறைக்க வேண்டாம் ஐயா, இப்ப இருக்கிற பீதியே ஒண்ணும் தெரியாததால வந்ததுதான். எல்லாப் பகுதிக்கும் ஒரே நேரத்துல முடியலன்னா லைனோட கடைசில இருக்கிற பகுதிங்க, விட்டு விட்டு தண்ணி வர்ற பகுதிங்க, போர் தண்ணி மட்டுமே வர்ற பகுதிங்க, இவங்களுக்கு முதல்ல தொடங்குங்க. எந்தத் தேதிக்குள்ள தொடங்குவீங்கன்னு எழுத்துல பதில் தரும்படி கேட்டுக்கிறோம்.

இப்படிக்கு,
குழாய்த் தண்ணி குடிக்கிற பொதுமக்கள்