திருத்தம் எந்தப் பக்கத்தில் வருகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடுநிலையான செய்தி நிறுவனம் எது என்று கடிதப் பகுதியில் சில நாட்களாக வாசகர்கள் விவாதித்து வருகிறார்கள். ஒருவர் ஒரு பட்டியல் தருகிறார். மறுநாள் இன்னொருவர் அதில் பாதியை அடித்துவிடுகிறார். நான் பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்றுக்கொன்று ஆகாத நாளிதழ்களைப் படிப்பறை மேசையில் அருகருகே விரித்துவைப்பது என் அன்றாட வேலையாக இருந்தது. மாணவர்களும் இதையேதான் கேட்பார்கள்: "மேடம், இதுல எது நடுநிலை?" சாய்வு வேறு, நம்பகத்தன்மை வேறு என்பதுதான் என் பதில். உங்கள் வாசகர்களுக்கும் அதையே சொல்ல வந்தேன்.

சாய்வே இல்லாத பத்திரிகை கிடையாது. எது முதல் பக்கம், எது உள்பக்கம், யாரிடம் கருத்துக் கேட்பது, எந்தப் படத்தைப் போடுவது என்று முடிவு செய்யும்போதே ஒரு பார்வை வந்துவிடுகிறது. அந்தப் பார்வை வெளிப்படையாகத் தெரிந்தால் வாசகர் அதற்கு ஏற்றபடி படித்துக்கொள்வார். ஒரு பத்திரிகை, தான் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவதைச் சரிபார்க்காமல் அச்சிடும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது.

இதற்கு நூறு ஆண்டுப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1920இல் வால்டர் லிப்மன், சார்லஸ் மெர்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் இருவர், ரஷ்யப் புரட்சியைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் மூன்று ஆண்டுகளாக வெளியிட்ட செய்திகளை எடுத்துவைத்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் நியூ ரிபப்ளிக் இதழில் வந்தன. புரட்சியில் ஆட்சியைப் பிடித்த போல்ஷ்விக் கட்சியின் ஆட்சி கவிழப்போகிறது, அல்லது கவிழ்ந்தேவிட்டது என்று அந்தப் பத்திரிகை 91 முறை எழுதியிருந்தது. ஆட்சியோ கவிழவில்லை. செய்தியாளர்களும் ஆசிரியர்களும் உள்ளதைப் பார்க்காமல், பார்க்க விரும்பியதைப் பார்த்தார்கள் என்பது அந்த இருவரின் தீர்ப்பு. யாரும் காசு வாங்கவில்லை, யாரும் மிரட்டவில்லை; மனதில் இருந்த ஆசையும் பயமும் போதுமானதாக இருந்தன. பின்னாளில் இதே மெர்ஸ் அதே நியூயார்க் டைம்ஸில் தலையங்கப் பக்கத்தின் ஆசிரியராக 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். தன்னைக் கடுமையாகக் குறை சொன்னவரையே ஒரு பத்திரிகை அப்படிப்பட்ட இடத்தில் உட்காரவைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அண்மைக் காலத்தில் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கிளாஸ் ரெலோட்டியுஸ் பல விருதுகள் வாங்கிய செய்தியாளர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூருக்குப் போய், மெக்சிகர்கள் உள்ளே வரக்கூடாது என்று ஊர் எல்லையில் பலகை வைத்திருப்பதாக எழுதினார். அப்படி ஒரு பலகையே அங்கு இல்லை. 2018 டிசம்பரில் உண்மை வெளியே வந்தது. ஷ்பீகலில் செய்திகளைச் சரிபார்க்கத் தனித் துறையே உண்டு. ஆனாலும் அமெரிக்காவைப் பற்றி அலுவலகத்தில் இருந்தவர்கள் ஏற்கெனவே நம்பியதற்குப் பொருத்தமாகக் கதை இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கடைசியில் சந்தேகப்பட்டவர், ரெலோட்டியுஸுடன் சேர்ந்து வேறொரு கட்டுரை எழுதிய ஹுவான் மொரேனோ. முதலில் மேலிடம் அவர் சொன்னதை நம்பவில்லை. ரெலோட்டியுஸ் பேட்டி எடுத்ததாகச் சொன்னவர்களை அவரே தேடிப்போய்ச் சந்தித்து ஆதாரம் கொண்டுவந்தார். அதன்பின் ஷ்பீகல் செய்ததைக் கவனியுங்கள்: மோசடியைத் தானே அறிவித்தது, தன் பக்கங்களிலேயே விரிவாக எழுதியது, விசாரணைக் குழு அமைத்து அறிக்கையையும் வெளியிட்டது. அதன் அரசியல் சாய்வு எனக்குப் பிடித்ததா என்பது வேறு பேச்சு. தன் தவறை இப்படிப் பொதுவில் வைத்த நிறுவனத்தை நான் தொடர்ந்து படிப்பேன்.

வாசகர்களாகிய நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1985இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1982இல் லெபனானின் பெய்ரூத்தில் பாலஸ்தீன அகதிகள் படுகொலை செய்யப்பட்டதைப் பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பை, இஸ்ரேலை ஆதரித்த மாணவர்களுக்கும் அரபு நாடுகளை ஆதரித்த மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். செய்தி தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்று இரு தரப்பும் சொன்னது. அதனால், ஒரு செய்தியைப் படித்ததும் கோபம் வருவதை மட்டும் வைத்து அதைச் சாய்வு என்று சொல்லிவிட முடியாது.

சரி, ஒரு செய்தியை எப்படித்தான் எடைபோடுவது? மாணவர்களிடம் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய செய்தியை இரண்டு மூன்று பத்திரிகைகளிலிருந்து கத்தரிக்கச் சொல்வேன். அப்புறம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் பென்சிலால் குறிக்க வேண்டும்: இது யார் சொன்னது? செய்தியாளர் நேரில் பார்த்ததா, ஆவணத்தில் உள்ளதா, பெயர் சொன்ன ஒருவர் தந்த தகவலா, அல்லது வெறும் 'வட்டாரங்கள் தெரிவித்தன' தானா? அரை மணி நேரத்தில் பிள்ளைகளுக்கே புரிந்துவிடும். சில நேரம் எதிரும் புதிருமான இரண்டு பத்திரிகைகளில் வரிக்கு வரி ஒரே வாசகம் இருக்கும். இரண்டு பேரும் சொல்வதால் உண்மை என்று முதலில் நினைப்பார்கள். கூர்ந்து பார்த்தால் இரண்டுமே, பல பத்திரிகைகளுக்கும் செய்தி தரும் ஒரே செய்தி முகமையிலிருந்து எடுத்தவை. பத்துப் பத்திரிகையில் வந்தாலும் அது ஒரு சாட்சிதான். செய்தியைச் சரிபார்ப்பதில் இதைவிட முக்கியமான பாடம் எனக்குத் தெரியாது. கைபேசியில் சுற்றும் செய்தி அட்டைகளுக்கும் இது பொருந்தும்: ஐம்பது பேர் அனுப்பினாலும் கிளம்பிய இடம் ஒன்றாக இருக்கலாம். பத்திரிகையின் சின்னம் போட்டிருந்தால், அந்தப் பத்திரிகையின் சொந்தத் தளத்தில் அது இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இணையத்தில் தெரியாத அமைப்பு ஒன்றைக் காணும்போது, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆராய்வதும் பயனில்லை. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்றாய்வாளர்கள், மாணவர்கள், தொழில்முறைச் சரிபார்ப்பாளர்கள் என 45 பேரைச் சோதித்தார்கள். குழந்தை மருத்துவம் பற்றிய இரண்டு தளங்கள் தரப்பட்டன. ஒன்று 1930இல் தொடங்கிய பெரிய மருத்துவர் சங்கம். மற்றொன்று 2002இல் அதிலிருந்து கருத்து வேறுபாட்டால் பிரிந்த சிறு குழு. அதன் பெயரும் தோற்றமும் பெரிய சங்கம் போலவே இருந்தன. மாணவர்களில் பலர் சிறு குழுவின் பக்கத்தையே நம்பினார்கள், படித்துப் பட்டம் பெற்ற வரலாற்றாய்வாளர்களிலும் சிலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தை அதிகம் படிக்கவே இல்லை. உடனே உலாவியில் வேறு தாவல்களை (tabs) திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடி விஷயத்தைப் பிடித்தார்கள்.

இந்த விவாதத்தில் வாசகர் ஒருவர், எந்த ஊடகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் சாய்வு வரைபடங்களைக் குறிப்பிட்டிருந்தார்; அவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆல்சைட்ஸ் போன்ற தளங்கள் ஊடகங்களை அரசியலில் இடது, நடு, வலது என்று வகைப்படுத்துகின்றன. அது சாய்வின் அளவீடு மட்டுமே, செய்தி சரியா தவறா என்பதன் அளவீடு அல்ல என்று அந்தத் தளமே சொல்கிறது. நடுவில் இருக்கும் பெயரைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இனி உங்களிடம் நேராக ஒரு வேண்டுகோள். 2004 மே 26 அன்று நியூயார்க் டைம்ஸ், இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகத் தான் எழுதிய செய்திகளில் போதிய கண்டிப்பு இல்லை என்று ஓர் ஆசிரியர் குறிப்பில் ஒப்புக்கொண்டது. பயமுறுத்தும் செய்திகள் எடுப்பாக வந்தன, அவற்றைச் சந்தேகிக்கவைத்த பிந்தைய செய்திகள் சில சமயம் உள்ளே புதைந்தன என்று அந்தக் குறிப்பே சொன்னது. ஆனால் அந்தக் குறிப்பு வந்தது பத்தாம் பக்கத்தில்.

உங்கள் பத்திரிகையிலும் திருத்தங்கள் எங்கோ ஒரு மூலையில், எது தவறு என்றுகூடத் தெளிவாகச் சொல்லாமல் வருகின்றன. அவற்றுக்கு ஒரு நிலையான இடம் ஒதுக்குங்கள். முதல் பக்கத்தில் தவறினால் திருத்தமும் முதல் பக்கத்தில் வரட்டும். இணையப் பதிப்பில் சத்தமில்லாமல் வரியை மாற்றிவிடாமல், என்ன மாறியது, எந்தத் தேதியில் மாறியது என்று கட்டுரையின் அடியிலேயே எழுதுங்கள். முகமைச் செய்திக்கு முகமையின் பெயரைப் போடுங்கள். பெயர் சொல்லாத வட்டாரங்களை மேற்கோள் காட்டும்போது, ஏன் பெயர் சொல்லவில்லை என்று ஒரு வரி சேருங்கள். இவற்றில் எதையெல்லாம் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை இதே பகுதியில் பதிலாக வெளியிட்டால் நன்றியுடன் படிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி நூலகர் ஒருவர்