வாக்கரும் 41 கப்பல்களும்

அன்பு மகனுக்கு,

உன் வாட்ஸ்அப் செய்தி பார்த்தேன். உன் கப்பல் ஏடன் வளைகுடா தாண்டியாயிற்று, துணைக்கு நம் கடற்படையின் டெஸ்ட்ராயர் (வேகமாக ஓடும் போர்க்கப்பல்) ஒன்று கூடவே வந்தது, "அது பாட்டுக்கு வந்துச்சு, அது பாட்டுக்குப் போச்சு, ஒண்ணும் நடக்கலப்பா" என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு அது போதும், உடனே விளக்கேற்றிவிட்டாள். எனக்குத்தான் நீ அந்தக் கப்பலைக் கொஞ்சம் இளக்காரமாகச் சொன்ன மாதிரி பட்டது. சரி, ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை, நீளமாகவே எழுதுகிறேன்.

ஹெச்.எம்.எஸ். வாக்கர் என்று ஒரு பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர். ஸ்காட்லாந்தில் டம்பார்டனில் கட்டி, 1917 நவம்பரில் தண்ணீரில் இறக்கினார்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது அதற்கு 20 வயதுக்கு மேல். கப்பலுக்கு அது என்ன வயசு என்று உனக்கே தெரியும். போர் தொடங்கிய முதல் மாதமே இன்னொரு டெஸ்ட்ராயரோடு மோதி, ஆட்களையும் இழந்து, ரிப்பேருக்குப் போனது. ஆரம்பம் அப்படி.

1941 மார்ச்சில் டொனால்ட் மெக்கின்டயர் அதன் கேப்டனாக வந்தார். கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து பிரிட்டனுக்கு வந்துகொண்டிருந்த ஹெச்.எக்ஸ். 112 என்ற கான்வாய்க்கு, அதாவது காவலோடு கூட்டமாகப் போகும் கப்பல் வரிசைக்கு, துணை போகும் பொறுப்பு. 41 சரக்குக் கப்பல்கள், அவற்றில் எண்ணெய் டேங்கர்களும் உண்டு. காவலுக்கு ஐந்து பழைய டெஸ்ட்ராயர்கள், கார்வெட் என்ற சின்ன காவல் கப்பல்கள் இரண்டு, அவ்வளவுதான். கூட்டத்தில் மெதுவாகப் போகிற கப்பலின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

ஐஸ்லாந்துக்குத் தெற்கே ஜெர்மன் நீர்மூழ்கிகள் மோப்பம் பிடித்துவிட்டன. மார்ச் 16 ராத்திரி யு-99 என்ற நீர்மூழ்கி உள்ளே புகுந்தது. அதன் கேப்டன் ஓட்டோ கிரெட்ஷ்மர். அந்தப் போரில் அவரளவுக்கு டன் கணக்கில் கப்பல்களை மூழ்கடித்த நீர்மூழ்கிக் கேப்டன் வேறு யாரும் இல்லை. அவருடைய வழி விசித்திரமானது. தண்ணீருக்கு அடியில் வரமாட்டார். இருட்டில் மேல்மட்டத்திலேயே மிதந்து, கப்பல் வரிசைகளுக்கு நடுவே புகுந்து, கிட்டத்தில் நின்று டார்ப்பிடோவால் (நீருக்குள் பாயும் குண்டு) சுடுவார். துணைக்கப்பல்களிடம் இருந்த ஆஸ்டிக் கருவி நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பது. மேலே மிதக்கிற நீர்மூழ்கி அதில் சிக்குவது அபூர்வம். ஆகவே ஒவ்வொரு டார்ப்பிடோ வெடிக்கும்போதும் மெக்கின்டயர் எதிரியை வெளியே தேடிக்கொண்டிருந்தார், எதிரியோ உள்ளே இருந்தான். அன்று ஆறு கப்பல்கள் அடிபட்டன, ஐந்து மூழ்கின. பொறுப்பேற்ற கையோடு இப்படி ஒரு ராத்திரி. அந்த மனுஷன் நிலைமையை நினைத்துப் பார்.

அப்புறம்தான் காற்று திரும்பியது. யுவாக்கிம் ஷெப்கே என்ற இன்னொரு பேர்போன கேப்டனின் யு-100, டெப்த் சார்ஜ் (நீருக்குள் இறங்கி வெடிக்கும் குண்டு) அடி தாங்காமல் மேலே வந்தது. வாக்கரோடு காவலுக்குப் போன வேனாக் என்ற டெஸ்ட்ராயரில் அப்போது புதிதாக ஒரு ரேடார். அதன் ஏரியல் சுழலாது. வேறு திசையில் பார்க்க வேண்டுமென்றால் முழுக்கப்பலையும் திருப்ப வேண்டும்! அப்படிப்பட்ட ரேடார்தான் இருட்டில் யு-100ஐக் காட்டிக்கொடுத்தது. வேனாக் நேரே போய் இடித்தது. ஷெப்கே தன் மேல்தளத்திலேயே நசுங்கிச் செத்தார். பிழைத்தவர்கள் ஆறு பேர்.

அவர்களை வேனாக் தூக்கிக்கொண்டிருக்க, வாக்கர் சுற்றிச் சுற்றிக் காவல் காத்தது. அப்போது வாக்கரின் ஆஸ்டிக் ஆள், வேனாக்குக்குப் பக்கத்திலேயே ஒரு நீர்மூழ்கி இருக்கிறது என்கிறான். மெக்கின்டயருக்கு நம்பிக்கையில்லை. கலங்கிய தண்ணீரின் எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தார். அவன் தன் சொல்லை விடவில்லை. டெப்த் சார்ஜ்கள் போட்டதும் மேலே வந்தது யு-99. டார்ப்பிடோ எல்லாம் தீர்ந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த கப்பல் அது. வாட்ச்சில் (மேலே நின்று கண்காணிக்கும் முறையில்) இருந்த அதிகாரி டெஸ்ட்ராயரைக் கண்டு பதறி, கிரெட்ஷ்மரின் கட்டளையை மீறித் தண்ணீருக்குள் முங்க வைத்துவிட்டான். மேலேயே இருந்திருந்தால் தப்பியிருக்கலாம். (நீயும் வாட்ச் பார்க்கிறவன்தானே!)

கிரெட்ஷ்மர் தன் ஆட்களைக் காப்பாற்றும்படி விளக்கு சிக்னல் கொடுத்தார். 43 பேரில் 40 பேரை வாக்கர் தூக்கியது. அதே வாக்கரில்தான் அவர் மூழ்கடித்த ஜே.பி. வைட் கப்பலின் கேப்டனும் இருந்தார். கரைக்குப் போகும் வழியில் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடினார்களாம். சிரிப்பதா, பல்லைக் கடிப்பதா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கிரெட்ஷ்மர் கழுத்தில் தொங்கிய பைனாகுலரை மெக்கின்டயர் எடுத்துக்கொண்டு பிறகும் பயன்படுத்தினார்.

வாக்கரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஒரு ராத்திரியைத்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தின சமாச்சாரம். 1943இல் அதை நீண்ட தூரத் துணைக்கப்பலாக மாற்றினார்கள். ஒரு பாய்லரைக் கழற்றி, அந்த இடத்தில் எண்ணெய் டாங்கி வைத்தார்கள். ஒரு புகைபோக்கியும் போயிற்று. 34 நாட் (மணிக்கு 34 கடல் மைல்) ஓடிய கப்பலின் வேகம் 25 நாட் ஆக இறங்கிவிட்டது. டெஸ்ட்ராயருக்கு வேகம்தானே பெருமை? அதைக் கொடுத்துவிட்டு வாங்கினது, மெதுவாகப் போகிற சரக்குக் கப்பல்களோடு கடைசிவரை கூடப்போகத் தேவையான எண்ணெய். அப்படியேதான் ஆர்க்டிக் பனியில் ரஷ்யாவுக்குப் போன கான்வாய்களோடும் போனது. 1946இல் உடைப்புக்கு விற்றார்கள்.

சரக்குக் கப்பல்காரர்களின் கதை இன்னும் மோசம். 1941 நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கம்பெனிகளில், கப்பல் மூழ்கின நாளோடு மாலுமியின் சம்பளமும் நின்றுவிடும். படகில் மிதக்கிற நாளுக்குக் கூலி கிடையாது. பிரிட்டிஷ் கப்பல்களில் லஸ்கர் என்ற பெயரில் இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள், அதிலும் இஞ்சின் ரூம் கரி அள்ளும் இடத்தில். டார்ப்பிடோ அடித்தால் மேலே ஏறி வர நேரமில்லாத இடம் அது. வெள்ளைக்காரனுக்குக் கொடுத்ததில் ஒரு பங்குதான் இவர்களுக்குச் சம்பளம். உன் காண்டிராக்டில் போர்ப்பகுதி படி என்று தனியாக ஒரு வரி இருக்கிறதே, அதைச் சும்மா யாரும் எழுதிவைக்கவில்லை. இந்த மாதம் அது கணக்கில் ஏறியதா என்று பார்.

திரும்பி வரும்போதும் செங்கடல் வழியா, இல்லை ஆப்பிரிக்காவைச் சுற்றியா? முடிவானதும் அம்மாவிடம் முதலில் சொல். துணைக்கு வருகிற கப்பலின் பேரை இந்தத் தடவையாவது குறித்து அனுப்பு.

அப்பா
தூத்துக்குடி