வெளுத்துத் தெரியும் கூழாங்கற்களில் கால் வைக்காதீர்கள்

வசந்தத்தில் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்க ஆற்றில் இறங்கும் நண்பர்களுக்கும், ஆறுகளைப் பார்த்துக்கொள்ளும் தூண்டில் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

தண்ணீரின் கடுங்குளிர் கொஞ்சம் விட்டு, மேஃபிளை பூச்சிகள் ஆற்றின் மேல் எழும்பத் தொடங்கினால் நமக்குக் கை சும்மா இருக்காது. குளிர்காலம் முழுக்க தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டி வைத்த பொய் ஈக்களை எடுத்துக்கொண்டு நானும் ஓடுகிறவன்தான். இப்படிப் பொய் ஈ வீசி மீன் பிடிக்கும் ஃபிளை ஃபிஷிங்கைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆற்றில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ரெயின்போ ட்ரவுட் பெரும்பாலும் வசந்தத்தில் முட்டையிடும். பிரவுன் ட்ரவுட் இலையுதிர் காலத்திலேயே இட்டுவிடும். ஆனாலும் அதன் குஞ்சுகள் வசந்தம் வரை கற்களுக்கு அடியில்தான் கிடக்கும். ஆகவே நாம் ஆசையோடு இறங்கும் அதே வாரங்களில் இந்த இரண்டில் ஒன்று நம் காலடியில் இருக்கலாம். பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் அடித்து அடித்துக் கூழாங்கல்லில் குழி பறிக்கும். முட்டையிட்டதும் தண்ணீர் வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளிப் பறித்து, அந்தக் கற்களாலேயே குழியை மூடும். இந்த வேலையில் கற்களின் மேலிருந்த பாசியும் வண்டலும் போய்விடுவதால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும்.

பாசி இல்லாத கல் வழுக்காது. சிக்கலே அதுதான். கால் ஊன்ற நல்ல இடம் என்று நம்பி அப்படிப்பட்ட ஒரு திட்டின் மேல் நான் ஒரு காலை நேரம் முழுவதும் நின்று வீசியிருக்கிறேன். அது என்னவென்று பின்னால் தெரிந்தபோது பிடித்த மீன்களின் சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது.

பத்து டிகிரி செல்சியஸ் தண்ணீரில் ரெயின்போ முட்டை பொரிக்கச் சுமார் ஒரு மாதம் ஆகும். பொரித்த பிறகும் குஞ்சு வயிற்றில் மஞ்சள்கருப் பையோடு சில வாரங்கள் கல்லிடுக்கிலேயே இருக்கும், தப்பி ஓட அதற்குத் தெரியாது. மேலே மிதித்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் சோதித்துப் பார்த்து 1992-இல் வெளியிட்டார்கள். வளர்ச்சிக் காலம் முழுவதும் தினம் இரண்டு முறை மிதித்தபோது முட்டைகளும் குஞ்சுகளும் 96 சதவீதம் வரை செத்துப்போயின. பொரிப்பதற்குச் சற்று முன் ஒரே ஒரு முறை மிதித்ததற்கே 43 சதவீதம் வரை போய்விட்டன. ஒரே ஒரு முறை, நண்பர்களே.

'பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுகிறோமே' என்று சிலர் சொல்வார்கள். சரி, நல்ல வழக்கம்தான். ஆனால் கல்லுக்கு அடியில் நசுங்கியதை யாரும் திரும்ப விட முடியாது. விடுவதிலும் கவனம் வேண்டும். களைத்துப்போன ரெயின்போ ட்ரவுட்டுகளை வைத்து அதே 1992-இல் வெளியான இன்னொரு ஆய்வில், காற்றில் எடுக்காதவற்றில் 88 சதவீதம் 12 மணி நேரத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தன. ஒரு நிமிடம் காற்றில் வைத்திருந்தவற்றில் பிழைத்தது 28 சதவீதம்தான். படம் எடுக்கும் ஆசையில் ஒரு நிமிடம் எவ்வளவு சீக்கிரம் ஓடிவிடும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்ப்பல்லைக் குறடால் நசுக்கிவிட்டால், மீனைத் தண்ணீரில் வைத்தபடியே கழற்றிவிடலாம்.

சங்கங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. மடு முடிந்து ஆழம் குறைகிற, தண்ணீர் வேகமெடுக்கிற கூழாங்கல் பகுதிகளில்தான் இந்தக் கூடுகள் அதிகம். சீசன் தொடங்கும் முன் உறுப்பினர்கள் கரையோரமாக ஒரு நடை நடந்து அவற்றைக் குறித்துக்கொள்ளலாம். குஞ்சுகள் வெளியேறும் வரை அங்கே யாரும் இறங்கக் கூடாது என்று விதி போடுங்கள். ஆற்றைக் கடக்க வேறு இடம் காட்டுங்கள். அப்புறம், புதிதாகச் சேருகிறவர்களுக்கு வீசக் கற்றுக்கொடுக்கும் முதல் நாளிலேயே வெளுத்த திட்டு ஒன்றைக் கரையிலிருந்து காட்டிவிடுங்கள்.

இந்த வசந்தத்தில் நான் கரையில் நின்றுதான் வீசப்போகிறேன். முதுகுக்குப் பின்னால் மரம் இருந்தால், நூலைப் பின்னால் வீசாமலே முன்னால் உருட்டி விடும் ரோல் காஸ்ட் இருக்கிறது. சில மீன்கள் எட்டாது, பரவாயில்லை.

அன்புடன்,
உங்களோடு தூண்டில் வீசும் ஒருவன்