ஏன், எதுவரை என்பதையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திட உணவு தொடங்கும் குழந்தைகளுக்குத் தரக் கூடாதவை பற்றித் தங்கள் நலவாழ்வுப் பகுதியில் வந்த கட்டுரை தேவையான ஒன்று. ஆனால் தேன், பசும்பால், நிலக்கடலை, திராட்சை என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கிவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் விட்டது குறை. தேனில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் சமையல் சூட்டில் சாவதில்லை. ஒரு வயது வரை துளியும் கூடாது. பசும்பால் கதையே வேறு. ஒரு வயதுக்கு முன் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் குடிக்கக் கொடுப்பதுதான் தவறு, உணவில் கொஞ்சம் சேர்த்துச் சமைக்கலாம். நிலக்கடலையிலோ ஆபத்து முழுப் பருப்பில்தான், மூச்சுக்குழலை அடைத்துவிடும். நைசாக அரைத்து, நீர்க்கக் கரைத்து ஆறு மாத அளவில் தொடங்கலாம் (கடுமையான தோல் அழற்சி உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு). சீக்கிரம் பழக்கினால் கடலை ஒவ்வாமை குறைகிறது என்பதை 2015-இல் வெளியான லீப் (LEAP) என்ற மருத்துவ ஆய்வு காட்டியது.

நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்துக்குத் தேன் கலந்த கூழோடு வந்த ஒரு தாய், "கொதிக்கும்போதுதானே ஊற்றினேன்" என்றார். அவரே கடலையை வீட்டுக்குள் விடுவதில்லையாம்! சரி, அவரைச் சொல்லி என்ன? பட்டியல் அப்படி இருக்கிறது. அடுத்த முறை 'ஏன்', 'எதுவரை' என்ற இரண்டு கட்டங்களைச் சேர்த்து அட்டவணையாக வெளியிடலாம். அப்புறம், திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிய படம் ஒன்றையும் பக்கத்திலேயே போடுங்கள்.