ஒரு சொட்டு பெட்ரோலில் கார்பன் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்பாடியில் ஒரு பெட்ரோல் பங்கில் 19 வருஷமாக வேலை பார்க்கிறேன். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ராத்திரி மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன் என்று கார்பன் சேர்மங்களின் பெயர்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "இதுல நம்ம வீட்டுல எதும்மா இருக்கு?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த சிலிண்டருக்குள் இருப்பதே புரோப்பேனும் பியூட்டேனும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைப் பங்குக்கு அழைத்துப் போனேன். எங்களுக்குத் தினமும் முதல் வேலை டென்சிட்டி, அதாவது அடர்த்தி பார்ப்பது. ஜாடியில் பெட்ரோலைப் பிடித்து, அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, வெப்பமானியையும் இறக்கி, இரண்டு அளவையும் குறித்து, அட்டவணை பார்த்து 15 டிகிரிக்கு உரிய அளவாக மாற்றி எழுத வேண்டும். ஆயிரம் லிட்டர் பெட்ரோல் 720 முதல் 775 கிலோவுக்குள் நிற்கும். டீசல் 800 கிலோவுக்கு மேல் போகும்.

அப்புறம் வடிதாளை எடுத்தேன். வாடிக்கையாளர் யார் கேட்டாலும் கொடுப்பதற்காகப் பங்கில் எப்போதும் இருக்கும் தாள்தான். பம்ப் முனையைத் துடைத்துவிட்டு ஒரு தாளில் ஒரு சொட்டு பெட்ரோல், இன்னொன்றில் ஒரு சொட்டு டீசல். இரண்டு நிமிஷத்தில் பெட்ரோல் சொட்டு இருந்த இடமே தெரியவில்லை. டீசல் தாள் பஜ்ஜி வைத்த காகிதம் மாதிரி ஊறிக் கிடந்தது. "ஏம்பா இது மட்டும் போகல?" என்று கேட்டாள். பாடம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

பெட்ரோல், டீசல் மூலக்கூறுகளில் கார்பன் அணுக்கள் சங்கிலி மாதிரி கோத்திருக்கும். அந்தச் சங்கிலி நீள நீள, மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும். பிரிந்து ஆவியாக அதிகச் சூடு வேண்டும். ஒரே ஒரு கார்பன் உள்ள மீத்தேன் மைனஸ் 162 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஐந்து கார்பன் உள்ள பென்டேனுக்கு 36 டிகிரி. நம் வேலூர் கத்திரி வெயில் 40ஐத் தாண்டுகிறதே, அந்த வெயிலிலேயே பென்டேன் கொதிக்கும்! எட்டு கார்பன் உள்ள ஆக்டேனுக்கு 126 டிகிரி. டீசலில் இருப்பவை இன்னும் நீளமான சங்கிலிகள்.

மணலி சுத்திகரிப்பு ஆலையில் நடப்பதும் இதே கணக்குதான். கச்சா எண்ணெயைச் சுமார் 350 டிகிரிக்குச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுகிறார்கள். மேலே போகப் போகச் சூடு குறையும். சின்னச் சங்கிலிகள் உச்சி வரை ஏறி எரிவாயுவும் பெட்ரோலுமாகப் பிரியும். நடுவில் மண்ணெண்ணெய், அதற்குக் கீழே டீசல். ஆவியாகாமல் அடியில் தங்குவதிலிருந்து வருவது, மே மாதம் நம் செருப்பில் ஒட்டுகிற தார். 'பின்னக் காய்ச்சி வடித்தல்' என்று அவள் மனப்பாடம் செய்த வார்த்தைக்கு இதுதான் அர்த்தம் என்று சொன்னதும் உடனே புரிந்துகொண்டாள்.

இன்னொன்றும் சொன்னேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் இருந்தால்தான் ஹைட்ரோகார்பன்; எத்தனாலில் ஆக்சிஜனும் இருப்பதால் அது ஹைட்ரோகார்பன் இல்லை. தண்ணீர் பட்டால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். மழைக்காலத்தில் நாங்கள் தொட்டியில் தண்ணீர் இறங்காமல் அவ்வளவு கவனமாகப் பார்ப்பது அதனால்தான்.

இதையெல்லாம் அவள் வகுப்பில் சொன்னபோது, "பரீட்சைக்கு அது வராது, உட்கார்" என்று பதில் வந்ததாம். மனசு கஷ்டமாகிவிட்டது. ஆசிரியர்களுக்குப் பாடத்தை முடிக்கிற நெருக்கடி இருக்கிறது, சரி. ஆனால் ஒரு வடிதாளும் இரண்டு நிமிஷமும் போதுமே.

மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள்: கார்பன் பாடம் நடத்தும் வாரத்தில், பங்க் உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு, பத்துப் பத்துப் பிள்ளைகளாக ஆசிரியரோடு காலையில் அனுப்பி வையுங்கள். வீட்டிலோ வகுப்பறையிலோ பிள்ளைகள் பெட்ரோலைத் தொடவே கூடாது. பங்கில் தீயணைப்புக் கருவியும் மணல் வாளியும் இருக்கும், பழகிய ஆட்கள் பக்கத்தில் நிற்போம். எங்கள் முதலாளியிடம் கேட்டுவிட்டேன், அவருக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
பெட்ரோல் பங்க் ஊழியர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.