30 டிகிரி என்று குறித்து 43 டிகிரியில் விற்கப்பட்ட மோட்டார்: ஐந்தாவது முறையாக எழுதும் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பாயான் லெப்பாஸ், பினாங்கு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விவகாரம் குறித்து நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முந்தைய நான்கில் மூன்றை ஆங்கிலத்திலும் ஒன்றை மலாயிலும் எழுதினேன். நான்குக்கும் சேர்த்து எனக்கு வந்தது, ‘உங்கள் புகார் பெறப்பட்டது’ என்று கணினி தானாக அனுப்பிய ஒரே வரிதான். உங்கள் பிரிவின் பொறுப்பில் தமிழர் ஒருவர் இருக்கிறார் என்று மோட்டாரை விற்ற கடைக்காரர் சொன்னார். தாய்மொழியில் எழுதினாலாவது யாரேனும் இறுதிவரை படிப்பார்களா என்று பார்ப்பதற்காகவே இதைத் தமிழில் எழுதுகிறேன்.

கடந்த பிப்ரவரியில், என் மகன் பந்தயத்தில் ஓட்டும், ரிமோட்டில் இயங்கும் 10-இல் 1 அளவு மாதிரி டூரிங் காருக்காக உங்கள் 17.5 டர்ன் (கம்பிச் சுற்று) சென்சார் மோட்டார் ஒன்றை 389 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். பெட்டியைப் பிரித்தபோது பின்மூடியில் டைமிங்கை, அதாவது சுருளுக்கு மின்சாரம் எவ்வளவு முன்னதாகப் பாய வேண்டும் என்ற கோணத்தைக் காட்டும் கோடு 30 டிகிரியில் நின்றது. அதை நான் தொடவில்லை. நாங்கள் ஞாயிறுதோறும் ஓடும் பிரிவில் ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) ‘பிளிங்கி’ என்ற நிலையில்தான் இருக்க வேண்டும். டைமிங்கை ஓட்டத்தில் கூட்டும் பூஸ்டும் டர்போவும் சுழியம், விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே மின்னணு டைமிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. மோட்டாரின் பின்மூடி சொல்லும் டிகிரியை நம்பித்தான் கியரைத் தேர்ந்தெடுக்கிறோம். நானோ உங்கள் கையேடு பரிந்துரைத்ததைவிட ஒரு பல் குறைந்த பினியனைத்தான் (மோட்டார் அச்சின் சிறு பல்சக்கரம்) மாட்டினேன். அப்படியும் முதல் ஓட்டத்தின் மூன்றாவது நிமிடத்தில் வண்டி திருப்பங்களிலிருந்து எழ முடியாமல் தவித்தது. தூக்கிப் பார்த்தபோது கம்பிச் சுருளின் வார்னிஷ் கருகிய வாடை வந்தது. வெப்பமானித் துப்பாக்கி 108 டிகிரி செல்சியஸ் காட்டியது. 80-ஐத் தாண்ட விடாதீர்கள் என்று உங்கள் கையேடே சொல்கிறது.

அன்று மாலையே நண்பரின் மோட்டார் சோதனைக் கருவியில் மாட்டிப் பார்த்தோம். மூன்று சென்சார்களும் முறையே 41, 44, 43 டிகிரி காட்டின. கோடு நின்றதோ 30-இல். அதே கடையில் அதே வாரம் நண்பர் வாங்கிய அதே ரக மோட்டார் 31, 30, 32 காட்டியது. ஒரே பேட்டரியில், சுமை இல்லாமல் சுழலவிட்டபோது அவருடையது 2.9 ஆம்பியர் இழுத்தது, என்னுடையது 5.1 ஆம்பியர். ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் எல்லா மோட்டாரிலும் இருக்கும் என்பதை நான் அறிவேன். அதற்காக யாரும் பிறையிலிருந்து பினாங்குப் பாலம் கடந்து தீவுக்கு வரமாட்டார்கள். 13 டிகிரி என்பது சென்சார் பலகையைப் பின்மூடியில் பொருத்தும்போதே கோணலாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கே நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றுதான் முதல் கடிதத்தில் இந்த எண்களை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அது என் தவறு என்பதை உங்கள் கவுண்டரில் நின்ற இளைஞர் எனக்குப் புரியவைத்தார்.

அந்த இளைஞரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. மோட்டாரை மேசைமேல் வைத்தேன். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே அதை ஒரு விரலால் உருட்டிப் பார்த்தார். ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது, உத்தரவாதம் இல்லை என்றார். சோதனைக் கருவியின் எண்களைப் படம் எடுத்து அச்சிட்டுக் கொண்டு போயிருந்தேன், அந்தத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் என் பக்கமே தள்ளிவிட்டு, “பொம்மைக் காருக்கா அங்கிள் இவ்வளவு டென்ஷன்?” என்று கேட்டார். வரிசையில் எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள், அவர்களில் ஒருவர் சிரித்தார். எனக்கு 54 வயது. பிறையில் ஒரு தொழிற்சாலையில் 26 ஆண்டுகளாக மோட்டார்களைப் பிரித்துப் பூட்டும் வேலை பார்க்கிறேன்.

ஸ்டிக்கருக்கு வருகிறேன். பின்மூடியின் மூன்று திருகுகளில் ஒன்றின்மேல் அது ஒட்டப்பட்டிருந்தது உண்மை, அதை நான் கிழித்ததும் உண்மை. ஏன் கிழித்தேன்? உங்கள் கையேட்டின் ஆறாம் பக்கத்தில், மோட்டார் சூடேறினால் மூன்று திருகுகளையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, பின்மூடியைத் திருப்பி, டைமிங்கைக் குறைக்குமாறு படம் போட்டுச் சொல்லியிருக்கிறீர்கள். திருகைத் தளர்த்தினால் ஸ்டிக்கர் கிழியும், ஸ்டிக்கர் கிழிந்தால் உத்தரவாதம் போகும், தளர்த்தாவிட்டால் மோட்டார் எரியும். இதில் வாடிக்கையாளர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதைத் தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள். உண்மையான 30 டிகிரிக்குக் கொண்டுவர நான் கோட்டை 17-இல் நிறுத்த வேண்டியிருந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 108 டிகிரியில் வெந்த ரோட்டாரின் காந்தம் வலுவிழந்துவிட்டது என்று நினைக்கிறேன். டைமிங்கைச் சரிசெய்த பின்பும் மோட்டார் வெறுமனே சுழலும்போது முன்பைவிட வேகமாகவும், வண்டியை இழுக்கும்போது முன்பைவிடச் சோர்வாகவும் இருக்கிறது, சூடும் அடங்கவில்லை. காந்தம் செத்தால் இப்படித்தான் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

தொலைபேசியில் பேசிய பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார், அதை மறுக்கவில்லை. ஆனால் 40 நிமிடம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு அவர் தந்த ஆலோசனை, மோட்டாரின் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள் என்பது. மோட்டாருக்கு ஏதம்மா மென்பொருள், அது ஈஎஸ்சிக்கு அல்லவா என்றேன். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அது ஏப்ரல் 3-ஆம் தேதி.

அதற்கு முந்தைய வாரம் நடந்ததை இங்கே சேர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை நேரில் வந்தால் தொழில்நுட்பர் பார்ப்பார் என்று உங்கள் அலுவலகமே குறுஞ்செய்தி அனுப்பியது. அரைநாள் விடுப்பு எடுத்தேன். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம் என்பதால் மதியம் அலுவலகம் மூடியிருக்கும் என்று தெரிந்து, மூன்று மணிக்குமேல் சேரும்படி கணக்கிட்டே கிளம்பினேன். மழை கொட்டியதால் மோட்டார்சைக்கிளை விட்டுவிட்டுக் காரை எடுத்தேன். மோட்டார்சைக்கிளுக்குச் சுங்கம் இல்லாத பாலத்தில், காருக்கு 5 ரிங்கிட் 74 சென் கட்டி, நடுப்பாலத்தில் முக்கால் மணி நேரம் நகராமல் நின்று, மூன்றே காலுக்கு வந்து சேர்ந்தால், தொழில்நுட்பர் செவ்வாய், வியாழன் ஆகிய இரு நாள்களில் மட்டுமே வருவார் என்று ஒரு தாள் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அந்தத் தாளைச் சுட்டிக்காட்டியவரும் அதே இளைஞர்தான். “படிக்கலையா அங்கிள்?” என்றார். பிறையிலிருந்தபடி பாயான் லெப்பாஸின் கண்ணாடிக் கதவை எப்படிப் படிப்பது என்பதை அவருக்கு நீங்கள்தான் கற்றுத்தந்திருக்க வேண்டும். குறுஞ்செய்தியைக் காட்டினேன், அது வேறு பிரிவு அனுப்பியது என்றார்.

என் நட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் 389 ரிங்கிட். அது அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்ததால் சூடேறி இப்போது தானாக அணைந்துபோகும் ஈஎஸ்சி 450 ரிங்கிட். மூன்று பயணங்கள், மூன்று அரைநாள் விடுப்புகள், பெட்ரோல், சுங்கம். இவற்றுக்கெல்லாம் மேலாக, என் மகன் இந்த ஆண்டின் ஆறு சுற்றுகளில் இரண்டைத் தவறவிட்டு, மூன்றாம் இடத்திலிருந்து ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியிருக்கிறான். ஒரு பருவமே பாழாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே எழுந்து டயர் ஒட்டும் பிள்ளை இப்போது பத்து மணிவரை தூங்குகிறான். மொத்தத்தில் 3,000 ரிங்கிட்டுக்குக் குறையாது என்றே நான் கணக்கிடுகிறேன். கூட்டிப் பார்த்தால் அவ்வளவு வராது என்று உங்கள் கணக்காளர் சொல்லக்கூடும்; பாலத்தில் நின்ற முக்கால் மணி நேரத்துக்கு அவர் என்ன விலை போடுவார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் நிறுவனத்தின் பொருள்களை ஒன்பது ஆண்டுகளாக வாங்குபவன் என்ற உரிமையில் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: மோட்டாரை மாற்றித் தாருங்கள். மாற்றித் தரும் மோட்டாரை உங்கள் தொழில்நுட்பர் என் கண்முன்னே சோதனைக் கருவியில் மாட்டி, கோடும் சென்சாரும் ஒத்துப்போகின்றன என்று காட்ட வேண்டும். ஈஎஸ்சியையும் பரிசோதிக்க வேண்டும். இவ்வளவு செய்தால் மற்ற தொகையைப் பற்றி நான் பேசமாட்டேன்.

இக்கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் பதில் வராவிட்டால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். அங்கு மனுக் கட்டணம் 5 ரிங்கிட். ஒருமுறை பாலம் கடக்க நான் கட்டிய சுங்கத்தைவிடக் குறைவு. வழக்கறிஞர் வைத்து வாதாட அங்கே இடமில்லை என்பதால், உங்கள் தரப்பிலிருந்தும் யாராவது நேரில்தான் வந்து உட்கார வேண்டும். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. 30 என்று எழுதி 43 கொடுப்பது எந்தத் தரம் என்பதை நீங்கள் அங்கே விளக்கலாம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்கும் இக்கடிதத்தின் நகலை அனுப்ப உறையில் முகவரி எழுதி வைத்திருக்கிறேன்; தபால்தலை மட்டும் இன்னும் ஒட்டவில்லை. ஒட்டும்படி செய்யமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
பிறையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டின் நகல், இரு மோட்டார்களின் சோதனை எண்கள், கையேட்டின் ஆறாம் பக்கம், மேற்சொன்ன குறுஞ்செய்தியின் அச்சுப்படி.

பின்குறிப்பு: தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோக அனுமதியில்லை என்பதால் மாலை ஆறு மணிக்குமேல் அழையுங்கள். அழைப்பவர் அந்த இளைஞராக இல்லாதவரை நான் எடுப்பேன்.