2024–2025 ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை: நீண்ட நோய் விடுப்பில் உள்ள படைவீரர்களுக்கான உதவிப் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பட்டாளத்தில் பணியாற்றி ஊர் திரும்பிய மூத்தவர்களே, வீரர்களின் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

வேலூர் மாவட்டத்தில் இயங்கும் நமது முன்னாள் படைவீரர் நலச் சங்கத்தின் 1.4.2024 முதல் 31.3.2025 வரையிலான அறிக்கையை முன்வைக்கிறேன். வழக்கமான பணிகள் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு ஆறு முறை கூடியது. டிசம்பர் 7 கொடிநாள் வசூல் உரிய அலுவலகத்தில் செலுத்தப்பட்டது. மறைந்த மூன்று உறுப்பினர்களின் இல்லங்களுக்கும் சென்று மலர்வளையம் வைத்தோம். அவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சென்ற பொதுக்குழு புதிதாக ஏற்ற ஒரு பொறுப்பைப் பற்றியே அறிக்கையின் எஞ்சிய பகுதி அமைகிறது.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றார்கள் என்றும் அவர்களில் 14 பேர் உயிர் நீத்தார்கள் என்றும் கல்லில் பொறித்திருப்பதை நம்மில் பலர் படித்திருக்கிறோம். போனவர் கணக்கும் மாண்டவர் கணக்கும் அதில் உண்டு. காலிழந்தும் நோயில் உருக்குலைந்தும் வீடு வந்து பாயில் படுத்தவர் கணக்கு இல்லை. நூறு ஆண்டுகள் கழிந்தும், கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு படைவீரர் உள்ள ஊர்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில், அந்தக் கணக்கை எழுத எவரும் முன்வரவில்லை. நோய் விடுப்பில் வீட்டிலிருக்கும் வீரர் ஓர் இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கிறார். அவர் இன்னும் பணியில் இருப்பதால் முன்னாள் படைவீரருக்கான சலுகைகள் அவருக்கு இல்லை. 2003 இல் தொடங்கிய ஓய்வூதியர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அவருக்குரியது அன்று, அவருடைய யூனிட்டோ ராஜஸ்தானிலோ அருணாசலப் பிரதேசத்திலோ இருக்கிறது. ஊரார் பார்வையில் அவர் லீவு முடிந்தும் போகாமல் திரிகிறவர். ஆகவே விதிகளைத் திருத்தி, பணியிலுள்ள ஆனால் நோய் விடுப்பில் இருக்கும் வீரர்களைச் சந்தா இல்லாத சிறப்பு உறுப்பினர்களாக ஏற்கத் தீர்மானித்தோம்.

இவ்வாண்டு பதினொரு பேர் நம்மை அணுகினர். அவர்களில் ஐவர் விடுப்பில் ஊர் வந்தபோது மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியவர்கள். மூவர் பணியிடத்தில் காயமுற்றவர்கள். இருவர் மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள். ஒருவர் சிறுநீரக நோயாளி. எதிரியின் குண்டைவிட நம் ஊர்ச் சாலைதான் அதிகம் பேரைப் படுக்க வைத்திருக்கிறது என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். தலைக்கவசம் அணிய யூனிட்டில் கட்டளை உண்டு. ஊரில் கட்டளையிட ஆளில்லை.

நோய் விடுப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் இரண்டு வகையினர் நம்மிடம் வருகின்றனர். ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, மருத்துவர் பரிந்துரைத்த இத்தனை வாரம் என்ற விடுப்புச் சான்றோடு வருகிறவர் முதல் வகை. அவருக்குச் சிக்கல் குறைவு. சான்றில் எந்த நாளில் எந்த மருத்துவமனையில் ஆஜராக வேண்டும் என்று எழுதியிருக்கிறதோ அங்கே அந்த நாளில் போய் நிற்க வேண்டும், அவ்வளவே. சாதாரண விடுப்பில் வந்த இடத்தில் நோயுற்றோ அடிபட்டோ தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறவர் இரண்டாம் வகை. விடுப்பு தீரும் நாளில் அவர் பணிக்குத் திரும்பவில்லையென்றால், காரணம் தெரியாத யூனிட் அவரை அனுமதியின்றி வராதவர் என்றே குறிக்கும். 1950 ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 39 ஆம் பிரிவில் அது தண்டனைக்குரிய குற்றம். முப்பது நாள் கடந்தால் 106 ஆம் பிரிவின்படி விசாரணை மன்றம் கூடி அவரை வராதவர் என்று பதிவு செய்யும். காலில் கம்பி பொருத்திக் கட்டிலில் கிடக்கும் மனிதன் காகிதத்தில் ஓடிப்போனவனாகிவிடுகிறான்.

இதற்காகவே நாம் ஒரு நடைமுறையை வகுத்தோம். செய்தி கிடைத்த அன்றே, நோயாளியின் பெயர், படை எண், யூனிட், விடுப்பு முடியும் நாள், மருத்துவமனை, நோயின் தன்மை ஆகியவற்றை எழுதிக் குடும்பத்தாரின் கையொப்பத்துடன் யூனிட்டுக்கும், பரங்கிமலையிலுள்ள ராணுவ மருத்துவமனைக்கும், அருகிலுள்ள ராணுவ நிலையத் தலைமையகத்துக்கும் அனுப்புகிறோம். தொலைபேசியில் கம்பெனி ஹவில்தாரிடம் சொல்லிவிட்டோம், வாட்ஸப்பில் எக்ஸ்ரே அனுப்பிவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகின்றனர். அந்த ஹவில்தார் மாற்றலாகிப் போன பிறகு அந்தச் சொல்லுக்குச் சாட்சி யார்? இருபத்து நான்கு ஆண்டுகள் எழுத்தராகப் பணியாற்றிய எனக்கு ஒப்புகையுடன் கூடிய அஞ்சல் ரசீதின் மீதுள்ள நம்பிக்கை எவர் வாக்கின் மீதும் இல்லை. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

இந்நடைமுறை நமது தவறு ஒன்றிலிருந்து பிறந்தது என்பதையும் மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும். ஜூன் மாதத்தில் நாயக் பதவியிலுள்ள ஒரு வீரரின் மனைவி சங்க அலுவலகத்துக்கு வந்தபோது, விடுப்பு முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறதே, டிஸ்சார்ஜ் சம்மரி வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பலாம் அம்மா என்று நாங்கள்தான் சொன்னோம். கட்டணப் பாக்கி தீரும் வரை அந்தத் தனியார் மருத்துவமனை சம்மரியைத் தரவில்லை. பன்னிரண்டு நாளும் போயிற்று. யூனிட்டிலிருந்து காவல் நிலையத்துக்குக் கடிதம் வந்த பிறகே விழித்தோம். நமது துணைத்தலைவர் கடிதத்தோடு அந்த யூனிட்டுக்கே ரயிலேறிப் போய் விளக்கியதால் பதிவு நீக்கப்பட்டது. அக்குடும்பத்தார் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதே எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது.

விபத்தில் சிக்கிய ஐவரின் குடும்பங்களும் முதலில் கேட்ட கேள்வி ஊன ஓய்வூதியம் கிடைக்குமா என்பதே. அவர்களுக்கு இனிப்பான பதில் சொல்ல முடியவில்லை. ஊனம் படைப்பணியால் ஏற்பட்டதாகவோ பணியால் முற்றியதாகவோ இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. பணியிடத்துக்கும் வீட்டுக்கும் இடையே நேர்வழியில் பயணம் செய்யும்போது நேரும் விபத்தைப் பணியின்போது நேர்ந்ததாகக் கொள்ள இடமுண்டு. விடுப்பில் ஊரிலிருக்கும்போது சொந்த வேலையாகக் கடைக்கோ கல்யாணத்துக்கோ போகும் வழியில் நேர்ந்தால் அப்படியன்று. காயத்துக்கும் படைப்பணிக்கும் காரணத் தொடர்பு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தெளிவாகவே தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனை ஆவணங்கள், பயணச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, யூனிட்டில் காய அறிக்கை எழுதப்படுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஐவரில் ஒருவர் காட்பாடியில் ரயிலிலிருந்து இறங்கி, மூட்டை முடிச்சோடு வீட்டுக்குப் போகும் வழியில் அடிபட்டவர். அவர் பத்திரமாக வைத்திருந்த ரயில் சீட்டுதான் இன்று அவர் வழக்குக்கு உயிர்.

மருத்துவ வகைப்பாட்டைப் பற்றி உறுப்பினர்களுக்கே குழப்பம் இருப்பதால் சிறிது விரித்துச் சொல்கிறேன். மனம், செவி, கை கால், உடல், கண் என்ற ஐந்தையும் தனித்தனியே மதிப்பிடும் முறைக்குத்தான் ‘ஷேப்’ என்று பெயர். ஐந்திலும் 1 என்ற மதிப்பீடு பெற்றவர் முழுத் தகுதியுள்ளவர். குணமாகும் என்று கருதப்படுகிறவருக்கு இருபத்து நான்கு வாரம் வரையிலான தற்காலிகக் குறைவகையும், குறை நிலைத்துவிட்டவருக்கு நிரந்தரக் குறைவகையும் தருவார்கள். பின்னதையும் இரண்டாண்டுக்குள் மறு ஆய்வு செய்தாக வேண்டும். குறைவகை வந்தாலே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் பரவலாக உள்ளது. இந்த அச்சத்தால் இருவர் வலியை மறைத்துக்கொண்டு முழுத் தகுதி கேட்கப் புறப்பட்டார்கள். ஒருவரை மட்டுமே தடுக்க முடிந்தது. குறைவகையில் இருந்துகொண்டு, செய்யக்கூடிய வேலையைச் செய்து, முழுப் பணிக்காலத்தையும் முடித்து ஓய்வு பெற்றவர்கள் இந்த அவையிலேயே நால்வர் இருக்கிறார்கள்.

பணியில் தொடர முடியாது என்று மருத்துவ வாரியம் முடிவு செய்தால், அப்போது தெரிந்திருக்க வேண்டியவை வேறு. பணியில் சேரும்போது நோய் எதுவும் பதிவாகாதவரை நலமுடன் சேர்ந்தவர் என்றே கருத வேண்டும் என்று 2013 இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஊன ஓய்வூதியத்துக்கு ஊன அளவை, ஐம்பது விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் ஐம்பதாகவும், எழுபத்தைந்து வரை இருந்தால் எழுபத்தைந்தாகவும், அதற்கு மேல் நூறாகவும் கணக்கிடும் முறை, முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உரியது என்பது 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உறுதியானது. 2023 செப்டம்பர் 21 முதல் ஊன ஓய்வூதியத்துக்குப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளதால், பழைய தீர்ப்பு ஒவ்வொன்றும் இன்றைய வீரருக்கு அப்படியே பொருந்தும் என்று தேநீர்க் கடையில் உறுதி கூறுவதை நம் மூத்தவர்கள் நிறுத்திக்கொண்டால் நல்லது. ஐயம் இருந்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வழக்காடும் வழக்கறிஞரைக் கேட்பதே முறை.

அக்னிவீரராகச் சேர்ந்த ஒரு தம்பியும் பதினொருவரில் அடக்கம். நான்காண்டுப் பணியில் அவருக்கு ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லை. படைப்பணியால் ஏற்பட்ட ஊனத்துக்கு, நூறு, எழுபத்தைந்து, ஐம்பது விழுக்காடு என்ற மூன்று படிகளில் முறையே 44, 25, 15 லட்சம் ரூபாய் ஒரே முறை வழங்கப்படுவதுதான் திட்டம். மருத்துவர் பரிந்துரைத்தால் நோய் விடுப்பு அவருக்கும் உண்டு. முழங்கால் தசைநார் கிழிந்து வந்த அத்தம்பிக்கு, கால் குணமாவதைவிட நான்காண்டு முடிவில் நால்வருக்கு ஒருவர் என நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுகிறவர்களில் தாமும் இருப்போமா என்பதே கவலை. அதற்கு நம்மிடம் மருந்தில்லை. வாரம் மூன்று நாள் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல ஆட்டோ ஏற்பாடு செய்தோம்.

பயணம் எளிதாகத் தோன்றினாலும் செலவும் துன்பமும் அதில்தான் அதிகம். பரங்கிமலை மருத்துவமனை ஏறத்தாழ 140 கிலோமீட்டர். பெங்களூருவிலுள்ள விமானப்படைக் கமாண்ட் மருத்துவமனை அதைவிடத் தூரம். மாவுக்கட்டு போட்ட காலுடன் ரயிலில் மேல் படுக்கை கிடைத்த ஒருவர் கழிப்பறை வாசலில் உட்கார்ந்தே சென்னை போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு, கார் வைத்திருக்கும் ஏழு உறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டு எரிபொருள் செலவை மட்டும் பெற்று அழைத்துச் செல்கின்றனர். கண்ணிவெடியில் கணுக்காலுக்குக் கீழ் இழந்த ஒருவர், 1944 முதல் இயங்கும் புனே செயற்கை உறுப்பு மையத்தில் கால் பொருத்திக்கொண்டு பிப்ரவரியில் திரும்பினார். அவரை வரவேற்க மாலையோடு ரயில் நிலையம் செல்ல நாங்கள் ஆயத்தமானபோது, மாலையெல்லாம் வேண்டாம் அண்ணே, ஆளோடு ஆளாக நடந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவ்வாறே நடந்தும் வந்தார்.

மனநோய்க்குச் சிகிச்சை பெறும் இருவரைப் பற்றி மிகுந்த தயக்கத்துடனேயே எழுதுகிறேன். கால் ஒடிந்தவன் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போகும் ஊர், தூக்கமின்றித் தவிப்பவன் வீட்டுக்குப் போவதில்லை. ஒருவரைக் குடும்பத்தார் மந்திரிக்கக் கூட்டிச் சென்றதில் மாத்திரை மூன்று வாரம் நின்றுபோயிற்று; கோயிலுக்குப் போகட்டும், மாத்திரையும் தொடரட்டும் என்று அவருடைய தாய்மாமனை வைத்துப் பேசியபின் சரியாயிற்று. மற்றவரை மாலையில் குடிக்கக் கூப்பிட்டவர்கள் நமது உறுப்பினர்களே. பட்டாளத்துக்காரன் கேண்டீன் சரக்கைப் பகிர்வது அன்பின் அடையாளம் என்று நினைக்கும் வழக்கம் இவ்விஷயத்தில் கொடுமையாக முடியும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம் என்பதையும், படையினருக்கென 2023 டிசம்பரில் புனேயில் ஒரு தனிப்பிரிவு தொடங்கப்பட்டதையும் இரு குடும்பங்களுக்கும் எழுதிக் கொடுத்தோம்.

இப்பணியின் பெரும்பகுதியைத் தாங்கியவர்கள் வீரர்களின் மனைவியர். இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும் கடிதங்களைப் படித்துக் காட்ட ஆளின்றித் தவித்தவர்களுக்காக ஞாயிறு காலைகளில் அலுவலகத்தைத் திறந்து வைத்தோம். ஆறு மாதத்தில், முன்பு கடிதம் படிக்கக் கேட்டு வந்த நாயக்கின் மனைவியே மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். அவரைச் செயற்குழுவுக்கு அழைக்க வேண்டும் என்பது என் பரிந்துரை; விதியில் இடமில்லையென்றால் விதியைத் திருத்தலாம்.

மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சங்கப் பணம் எதற்கு என்று சில உறுப்பினர்கள் எழுத்து மூலம் ஆட்சேபித்துள்ளனர். கேள்வி நியாயமானதே. சம்பளம் தொடர்கிறது என்பது உண்மை. பணியிடத்தையொட்டிய சில படிகள் குறையும்போது, அவற்றை நம்பி வாங்கிய வீட்டுக் கடனின் தவணை குறைவதில்லை என்பதும் உண்மை. ஆயினும் நாம் எவருக்கும் ரொக்கமாக உதவவில்லை. எரிபொருள், அஞ்சல், ஆட்டோ, இரண்டு நடைச் சட்டங்கள் (வாக்கர்), ஒரு சக்கர நாற்காலி ஆகியவற்றுக்கு மட்டுமே செலவிட்டோம். தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சக்கர நாற்காலி இப்போது எவருக்கும் தேவைப்படாமல் அலுவலகத்தில் உள்ளது; தேவைப்படுவோர் என்னிடம் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம்.

பதினொருவரில் ஐவர் பணிக்குத் திரும்பிவிட்டனர். நால்வர் விடுப்பில் தொடர்கின்றனர். ஒருவர் மருத்துவ வாரியத்தின் முடிவுக்குக் காத்திருக்கிறார். சிறுநீரக நோயாளியான சகோதரர் ஜனவரியில் காலமானார். அவருடைய மனைவிக்கான குடும்ப ஓய்வூதியத் தாள்கள் அனுப்பப்பட்டுள்ளன; ஒரு சான்றிதழில் பெயரின் எழுத்து மாறியிருப்பதால் வட்டாட்சியர் அலுவலகத்தில் திருத்த மனு கொடுத்துள்ளோம், அடுத்த திங்கட்கிழமை மீண்டும் போக வேண்டியிருக்கிறது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்